அறுபது எறிக்கு மேல் ஆகாது

இந்தக் கோடை விடுமுறையில் மாமனாரின் மாந்தோப்புக்குக் காவல் போவதில்லை என்று டிரில் வாத்தியார் திம்மராயன் சபதம் எடுத்துக்கொண்டார். தலையே போனாலும் சரி. கல்யாணமான ஆறு வருஷமாக இதே கதைதான். கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்ட மறுநாளே மனைவி முனிலட்சுமி டிரங்குப் பெட்டியை இறக்கிவிடுவாள். குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமனார் ஆஞ்சப்பன் ஒரு தகர டப்பாவையும் ஒரு குச்சியையும் மாப்பிள்ளைச் சீராகக் கையில் கொடுப்பார். அதைத் தட்டித் தட்டிக் கிளி விரட்டுவதிலேயே லீவு தீர்ந்துபோகும். நானூறு பிள்ளைகளை லெஃப்ட் ரைட் போடவைக்கிற மனுஷரைக் கிளிகள் மட்டும் சட்டை செய்வதே இல்லை.

ஆனால் இது 1956. இந்த வருஷம் அவரிடம் பேஸ்பால் இருந்தது!

பங்குனியில் டிரில் வாத்தியார்களுக்கென்று மெட்ராஸில் பத்து நாள் முகாம் நடந்தது. அங்கே ஓர் அமெரிக்கத் துரை இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஒருவன் பந்தை எறிய வேண்டும், எதிரே நிற்பவன் தடியால் அடிக்க வேண்டும். எறிகிறவனுக்குப் பிட்சர் என்று பெயர். அடிக்கிறவனின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள கொஞ்சம் இடத்துக்குள் பந்து போக வேண்டும், ஆனால் அது அவன் தடியில் படவும் கூடாது. திம்மராயனுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊர் திரும்பிய கையோடு ஒன்பது பேரைத் திரட்டினார். அதில் மாங்காய் மண்டியில் கூடையை லாரிக்கு வீசும் சென்றாயனும், பஸ் கூரைக்கு மூட்டையை எறியும் கிளீனர் முனிவேலும் பிட்சர்கள். பெங்களூரில் ஒரு மில் அணிக்குச் சவால் கடிதம் போட்டார். அவர்களும் வைகாசி இரண்டாம் ஞாயிறு கிருஷ்ணகிரிக்கே வந்து ஆடுவதாகப் பதில் எழுதிவிட்டார்கள். இருப்பது ஐந்தே வாரம்.

"ஏங்க, பெட்டிய எறக்கட்டுமா?" என்று கேட்டாள் முனிலட்சுமி.

"எறக்காதே! இந்த வருசம் நான் வரல."

"ஒடம்பு சரியில்லீங்களா?"

"பெங்களூர்க்காரன் வர்றான்டி! அதுக்குள்ள நான் ரெண்டு கையத் தயார் பண்ணியாகணும்."

"ஒங்களுக்குத்தான் ரெண்டு கை இருக்குதே?"

"என் கையில்ல. சென்றாயன் கை ஒண்ணு, முனிவேலு கை ஒண்ணு."

"அவங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு இருக்குதுங்களே."

திம்மராயன் தலையில் அடித்துக்கொண்டார். "எறியற கைன்னா சும்மா இல்ல. அது பச்சப் புள்ள மாதிரி. ஒரு நாளைக்கு அறுபது எறிதான். அறுபத்தொண்ணு எறிஞ்சா தோள்பட்டை போச்சு! எறிஞ்சு முடிச்சதும் நல்லெண்ணெய் தேச்சு நெழல்ல ஒக்கார வெக்கணும். துரையே சொன்னாரு."

"அப்போ ஒங்க கைக்கு?"

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் கதையே வேறு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். திம்மராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நான் கோச்சு. கோச்சு கைக்குக் கணக்கே கெடையாது. பொழுதுக்கும் எறியலாம். இரும்பு!"

"அப்படீங்களா," என்றாள் முனிலட்சுமி. அவள் "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு மேலே பேசாமல் போனால் கொஞ்சம் பயப்பட வேண்டும். அவர் பயப்படவில்லை, பேஸ்பால் உற்சாகத்தில் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரு கோணிச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினார். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. சென்றாயன் எறிந்த பந்து வேலியைத் தாண்டியது. முனிவேல் எறிந்தது நேராக மேலே போய், பஸ் கூரை இருக்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்து கீழே வந்தது. எப்போதாவது ஒன்று சாக்கை உரசினால் உடனே சண்டை.

"பட்டுச்சு வாத்தியாரே!"

"எங்க பட்டுச்சு? காத்துல ஆடுனதுடா அது!"

மோர்ச்செம்போடு வந்த முனிலட்சுமி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். பிறகு செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கீழே கிடந்த பந்தை எடுத்து, தாழ்வாரத்தில் மணிக்காகக் கட்டியிருந்த தண்டவாளத் துண்டைப் பார்த்து ஒரே வீச்சு.

'டங்!'

மைதானமே அதிர்ந்தது. சென்றாயன் வாயைப் பிளந்தான். "அக்கா! யாருக்கா இதச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரு சொல்லிக் குடுப்பாங்க? சின்ன வயசுல கிளி வெரட்டுனதுதான். சாக்குல எறிஞ்சா பட்டுதா படலையான்னு எப்படிப்பா தெரியும்? தகரத்துல எறிஞ்சா ஊருக்கே கேக்கும். எங்கப்பா தோப்புல நாப்பது மரம். மரத்துக்கு ஒரு தகரம் கட்டிக்கலாம். ஜிலுஜிலுன்னு நெழலு. மத்தியானம் சுடச்சுடக் களியும் கீரைக் கொழம்பும் எங்கம்மா ஆக்கிப் போடும். ஆனா பாவம், ஒங்க வாத்தியாருக்குத் தோப்புன்னா புடிக்காது."

"வாத்தியாரே!" என்று இரண்டு பிட்சர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். திம்மராயன் மைதானத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். அந்தத் தண்டவாளம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"வர்றேன். ஆனா காவலுக்கு இல்ல. கோச்சா மட்டுந்தான் வருவேன்."

"பின்னே? கோச்சாத்தாங்க," என்றாள் முனிலட்சுமி.

குருபரப்பள்ளித் தோப்பில் எல்லாம் தயாராக இருந்தது. மரத்துக்கு மரம் தாழ்ந்த கிளையில், சரியாக முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே ஒரு தகரம். தோல்பந்து மூன்றுதான் உண்டு என்பதால், அதே அளவில் காய்ந்த களிமண் உருண்டைகளை மாமனார் குவித்து வைத்திருந்தார். விடிந்ததும் எறி தொடங்கியது. 'டங்!' என்றதும் ஐம்பது கிளி பறந்தது. மறுபடி 'டங்!' இன்னொரு ஐம்பது. "அடிச்சான் பாரு!" என்று திம்மராயன் துள்ளிக் குதித்தார். உண்மையிலேயே குதித்தார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

ஒன்பது மணிக்குள் இருவரும் அறுபதை முடித்தார்கள். முனிலட்சுமி நல்லெண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். தேய்த்துக்கொண்டு மரத்தடியில் சாய்ந்தார்கள். ஒன்பதரைக்குக் கிளிகள் திரும்பி வந்தன.

"முனிவேலு, எந்திரி! எறி!"

"அறுபது ஆயிடுச்சுங்களே வாத்தியாரே. தோள்பட்டை போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சென்றாயா!"

"துரை சொன்னத மீறலாமா வாத்தியாரே?"

திம்மராயன் திரும்பினார். மனைவி ஒரு கூடை நிறைய உருண்டையோடு நின்றாள்.

"என்னங்க நின்னுட்டீங்க? கோச்சு கைக்குக் கணக்கே கெடையாதுன்னு அப்பாவுக்கு அன்னைக்கே கடுதாசி போட்டுட்டேன்."

"பொழுதுக்கும் எறிவீங்களாமே மாப்ளே?" என்றார் ஆஞ்சப்பன் ஆவலாக.

எறிந்தார். பொழுது சாயும்வரை எறிந்தார். போன வருஷமாவது உட்கார்ந்த இடத்தில் குச்சியால் தட்டினால் போதும். இப்போது நின்றுகொண்டே தோளால் தட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தலை சீவக் கை எழவில்லை. நான்காம் நாள் களி உருண்டையை முனிலட்சுமிதான் ஊட்டிவிட்டாள். "நாளைக்கு எறியணுமில்ல, நல்லாத் தின்னுங்க," என்று அன்பாகவே சொன்னாள். அந்த வருஷம் தோப்பில் ஒரு காயில்கூடக் கிளி மூக்கு படவில்லை.

ஐந்து வாரமும் ஓடி, போட்டி ஞாயிறு வந்தது. ஊருக்கு வெளியே அணை கட்டிக்கொண்டிருந்த வேலையாட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து மைதானத்தை மொய்த்தார்கள். பெங்களூர் அணி வெள்ளை வெளேரென்ற உடுப்பில் இறங்கியது. நம்மவர்கள் காக்கி நிஜார். ஏற்றமும் இறக்கமுமாக ஆட்டம் கடைசி ஆளுக்கு வந்து நின்றது. அவன் ஒரு அடி வெளுத்தால் பெங்களூர். மூன்று பந்தைக் கோட்டைவிட்டால் கிருஷ்ணகிரி.

சென்றாயன் எறிந்தான். தடி காற்றை வெட்டியது. "டங்!" என்று பின்னால் நின்ற முனிவேல் கத்தினான். இரண்டாவது பந்து. மறுபடியும் காற்று. இப்போது மைதானம் முழுக்க "டங்!" என்றது. மூன்றாவதை எறிவதற்கு முன் திம்மராயன் கண்ணை மூடிக்கொண்டார். காது கிழிய "டங்!" என்று கேட்டபோது, வலிக்கிற கையோடு சென்றாயனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார்.

மாலை போட்டார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். பெங்களூர் அணித் தலைவரே மேடையேறி, இப்படி ஒரு எறியை எங்கே பழக்கினீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். மைக் கையில் இருக்கும்போது எந்த டிரில் வாத்தியார்தான் சும்மா இருப்பார்?

"ஒரு சின்னத் தோப்புல! வெறும் நாப்பது மரம்! எடமே பத்தல! இதுக்கே ரெண்டு பிட்சர்னா, எடம் மட்டும் இருந்தா பத்துப் பிட்சர உருவாக்கிக் காட்டுவேன்! அடுத்த கோடையிலயும் இந்தக் கை ஓயாது! இது சபதம்!"

கைதட்டல் வானைப் பிளந்தது. பெண்கள் பக்கத்தில் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் முனிலட்சுமி. மேடையை விட்டு இறங்கியவரிடம் பூரிப்போடு வந்தாள்.

"எவ்வளவு நல்லாப் பேசுனீங்க! எடம் பத்தலேன்னதும் அப்பாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சுங்க."

"கலங்காம இருக்குமா? அவரு எங்க? காணோமே?"

"பக்கத்துத் தோப்பக் குத்தகைக்குப் பேச ஓடியிருக்காரு. எம்பது மரமாம். அங்க கிளித் தொல்லையே கெடையாதுங்க, கொரங்குதான். நாம எறிஞ்சா அதுங்களும் திருப்பி எறியுமாம். பந்து புடிக்கறவனுக்கும் பயிற்சியாப் போச்சு!"