இரண்டு பூட்டுத் தேர்தல்

உலகில் இதுவரை நடந்த தேர்தல்களிலேயே துளியும் தவறில்லாதது எங்கள் வார்டில் நடந்ததுதான். வாக்குச்சாவடியின் தற்காலிக எழுத்தரான நானே சாட்சி.

சாவடி, ஒரு பள்ளியின் வகுப்பறை. தேர்தலை நடத்தும் உரிமை யாருக்கு என்பதில் மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் 'கொள்கை வேறுபாடு'. அதனால் முந்தைய நாளே கதவில் ஆளுக்கொரு பூட்டு. மாநில விதிப்படி நகராட்சிப் பூட்டை முதலில் திறக்க வேண்டும். நகராட்சி விதிப்படி மாநிலப் பூட்டை. இரண்டாவதாகத் திறப்பவர்தானே உண்மையில் கதவைத் திறந்தவர்?

காலை ஏழு மணிக்கு வரிசையில் முதல் ஆள் என் சித்தப்பா. பேருந்து ஓட்டுநர். எட்டரைக்கு வண்டி எடுத்தால் இரவுதான் திரும்புவார். போன தேர்தலில், எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் தருவதாகச் சொன்னவர் ஒரே ஓட்டில் தோற்றார். அன்று சித்தப்பா தூங்கிவிட்டார். குடம் தூக்கும் சித்தி இன்னும் அதை மறக்கவில்லை.

"நீங்க திறங்க சார்," என்றார் மாநில அதிகாரி.

"சேச்சே, நீங்க பெரியவங்க. நீங்கதான் முதல்ல," என்றார் நகராட்சி அதிகாரி.

இத்தனை மரியாதையைக் கல்யாண வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

"ரெண்டு சாவியையும் என்கிட்ட குடுங்க," என்றார் சித்தப்பா. "ஒரே நேரத்துல திறந்துடறேன். எனக்கு ரெண்டு கை இருக்கு."

"வாக்காளர் தேர்தல்ல தலையிடக் கூடாது," என்றார்கள் இருவரும். அன்று அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

எட்டேகாலுக்குச் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயாவது சொல்லக்கூடாதா? பி.எஸ்ஸி. படிச்சவதானே?"

"அது பௌதிகம், சித்தப்பா," என்றேன், வராந்தாவில் எனக்குப் போட்டிருந்த மேஜையைப் பார்த்தபடி.

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மதியத்துக்குள் வரிசையும் போயிற்று.

ஆறு மணிக்கு வாக்குப்பதிவை முடிப்பதில் இரு விதிகளுக்கும் ஒரே கருத்து. கதவு ஏற்கெனவே பூட்டியிருந்ததால் வேலை மிச்சம். அறிக்கையை நான் எழுதினேன். கள்ள ஓட்டு: இல்லை. செல்லாத ஓட்டு: இல்லை. பதிவான ஓட்டு: இல்லை.

'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொதுமக்களின் அக்கறையின்மை," என்றார் ஒருவர்.

"அதேதான்," என்றார் மற்றவர்.

வராதவர்கள் பட்டியலையும் இணைக்கச் சொன்னார்கள். முதல் பெயர் சித்தப்பாவுடையது. எதிரே 'வரவில்லை' என்று எழுதினேன், மாநிலத்துக்கு ஒரு பிரதி, நகராட்சிக்கு ஒரு பிரதி.

என் கையெழுத்து அழகாக இருப்பதாக இருவருமே பாராட்டினார்கள்.