தலை குனிந்த கோல்

கோட்டைக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. டானூப் ஆற்றின் அக்கரையில் கோத்தியப் பகைவர் ஈட்டி தீட்டினால் என்ன? இக்கரையில் மதில் இடிந்து கிடந்தால் என்ன? நம்மிடம்தான் ஒரு கோல் இருக்கிறதே! பகைவனுக்கு உளவு சொல்லும் துரோகி எதிரே வந்தால் அது தானாகத் தலை குனிந்து ஆளைக் காட்டிவிடும். இனி விசாரணை எதற்கு, சாட்சி எதற்கு? மூளைதான் எதற்கு?

போரில் செத்துப்போன தாசியஸ் என்ற அதிகாரியின் பதவிக் கோல் அது. திராட்சைக் கொடியின் கட்டை, தலைப்பக்கம் கனத்த குமிழ். அவர் இருந்தவரை சிப்பாய்களின் முதுகைப் பதம் பார்த்த கட்டையில் இப்போது அவர் ஆவி குடியேறிவிட்டதாம். சொன்னவன் அவருடைய பழைய எடுபிடி விக்டரினஸ். செத்தவர் மறுத்துப் பேசவா போகிறார்?

விக்டரினஸ் வாசலில் தினமும் கூட்டம். ஒருவன் மதுச்சாடி தூக்கி வந்தான், ஒருவன் பன்றித் தொடை சுமந்து வந்தான். எல்லாம் ஆவிக்குத்தான். ஆவிக்கு வயிறு கிடையாது. விக்டரினஸுக்கு மட்டும் தொந்தி விழுந்தது.

கோலைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. அதிகாரியின் கோலை ஒடிக்கும் சிப்பாய்க்கு மரணம் என்பது படைச் சட்டம். அதை இவர்கள் நீட்டி, தொட்டாலே மரணம் என்றும் ஆக்கி, செத்தவன் கோலுக்கும் பொருத்திவிட்டார்கள். முட்டாள்தனத்துக்குச் சட்டமே காவல் நின்றது.

போன மாதம் கோல் இரண்டு பேரைக் காட்டியது. தோழர்களே அவர்களைத் தடியால் அடித்துக் கொன்றார்கள். இன்று அது பீத்தஸ் என்ற சிப்பாய்க்கு முன்னால் குனிந்தது. கையைக் கட்டி நிறுத்திவிட்டார்கள்; நண்பகலுக்குள் அவனும் சாக வேண்டும்.

அவன் மனைவி பிரிஸ்கா, கோட்டையில் ரொட்டி சுடுகிறவள், மாவுக் கையோடு ஓடிவந்தாள். பயத்தைவிட அவளுக்கு ஆத்திரம் பெரிதாக இருந்தது. பீத்தஸ் இதுவரை அந்த ஆவிக்கு ஒரு வெங்காயம்கூடக் கொடுத்ததில்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்!

"ஐயா," என்றாள் படைத்தலைவர் உர்சியோவிடம். "அக்கரையில ஆள் பெருகிக்கிட்டே போகுது. இங்க நாமளே நம்ம ஆளைக் கொன்னுக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. கோல் பிடிக்கிற இந்த விக்டரினஸ் கண்ணைக் கட்டி, ஆளுங்களை இடம் மாத்தி நிறுத்துங்க. கோல் மறுபடியும் என் புருஷனையே காட்டட்டும், ஒத்துக்கிறேன்."

"கோலை அவமதிக்கிறா!" என்று விக்டரினஸ் கத்தினான். "தொட்டா தலை போகும்!"

"கோலை எவன்யா தொடப்போறான்? உன் மூஞ்சியைத்தான் தொடப்போறேன். அதுக்கும் சட்டம் இருக்கா?"

உர்சியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டும்மா," என்றார்.

தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் கண்ணை அவளே இறுக்கிக் கட்டினாள். ஆட்கள் சத்தமில்லாமல் இடம் மாறினார்கள். விக்டரினஸ் கோலை ஏந்திக்கொண்டு தட்டுத் தடுமாறி வரிசையோரமாக நடந்தான். பீத்தஸைத் தாண்டிப் போனான். ஸ்தீலோ என்ற சிப்பாய்க்கு முன்னால் கோல் குனிந்தது.

ஸ்தீலோ அலறினான்: "அடப்பாவி! நேத்துத்தானேடா ரெண்டு பன்றித் தொடை கொடுத்தேன்!"

"இப்ப... இப்ப ஆவி கொஞ்சம் கலங்கியிருக்கு," என்றான் விக்டரினஸ். "இன்னொரு தடவை!"

இன்னொரு தடவை நடந்தான். உர்சியோ ஓசைப்படாமல் வந்து வரிசையில் நின்றுகொண்டார். கோல் அவர் முன்னால் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தது.

"இவன்தான்!" என்று விக்டரினஸ் முழங்கினான். "அடிச்சுக் கொல்லுங்க இந்த நாயை!"

உர்சியோ கையை நீட்டித் துணியை உருவினார். அடுத்த நொடி கோல் விறைப்பாக நிமிர்ந்தது. ஆவிக்கும் பதவி மரியாதை தெரிந்திருந்தது!

விக்டரினஸுக்கு விலங்கு பூட்டினார்கள். பீத்தஸின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். பிரிஸ்கா அவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. ஒரு கிழட்டுச் சிப்பாய் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "என்ன இருந்தாலும் பொம்பளை தலைத்துணி பட்டுடுச்சு பாரு. அதான் ஆவி கோவிச்சுக்கிச்சு. வேற நல்ல ஆள் கையில கொடுத்தா..."

பலர் தலையாட்டினார்கள்.

பிரிஸ்கா திரும்பிப் பார்த்தாள். "கொடுங்கய்யா, தாராளமாக் கொடுங்க. அதுக்கு முன்னாடி, போன மாசம் அடிச்சுக் கொன்னீங்களே, அந்த ரெண்டு பேர் வீட்டுக்குப் போய், எதுக்காகக் கொன்னோம்னு ஒரு காரணம் சொல்லிட்டு வாங்க."