சோப்புப் பெட்டி எலிமினேட்டர்

தாம்பரத்திலிருந்து பம்மல் வரை எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழையுங்கள். ஓர் எலிமினேட்டர்காரர் அகப்படுவார். பாட்டரிக் கட்டையே இல்லாமல், வீட்டுக் கரண்டிலேயே டிரான்ஸிஸ்டர் ரேடியோவைப் பாட வைக்கும் பெட்டியைத் தன் கையாலேயே கட்டுகிறவர். கட்டி முடித்தவர் என்று யாரும் சொல்லவில்லை.

கிழக்குத் தாம்பரம் பூகோள வாத்தியார் சத்தியநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு, வோல்டேஜ் தாண்டாமல் காவலுக்கு ஒரு ஜீனர், எல்லாவற்றையும் சோப்புப் பெட்டிக்குள் அடைத்து, சந்தா கேட்க வந்த சபைக்காரர், மீன்கூடையை இறக்கி வைத்த முத்தாலம்மாள் என்று ஒருவர் விடாமல் நிறுத்தி, மீட்டர் முள்ளைக் காட்டி, "லைன் எப்படி வேணா ஆடட்டும், இது ஆறு வோல்ட்டுன்னா ஆறு வோல்ட்டுதான்!" என்பார்.

"அது கெடக்கட்டும் வாத்யாரே, வஞ்சிரம் கீது, வோணுமா இன்னா?" என்பாள் முத்தாலம்மாள்.

ரேடியோ பாடுமா? பாடும். கூடவே ஒரு வண்டும் பாடும். "அது ஹம், கரண்டோட இரைச்சல். இன்னொரு கண்டென்சர் போட்டா போயிடும்" என்பார். கண்டென்சர் மேல் கண்டென்சர் போட்டாயிற்று, வண்டு கொழுத்ததுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி ஜெயசீலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தங்கை தபீதாள் முதன்முதலாக வானொலியில் பாடுகிறாள். ஒரே ஒரு பாட்டு. விட்டால் போயிற்று.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் கட்டையைப் போட்டுடலாமே?"

"பாட்டரியா? இந்த வீட்லயா?" மானம் போனதுபோல் எழுந்து, கண்டென்சர் தேட உள்ளே போனார்.

ஜெயசீலி யோசிக்கவேயில்லை. டார்ச் விளக்கைத் திருகி, நாலு கட்டையையும் ரேடியோவுக்குள் போட்டாள். எலிமினேட்டர் ஒயரைப் பிடுங்கிப் பின்னால் மறைத்தாள். தபீதாளின் குரல் கணீரென்று வந்தது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஓடிவந்த சத்தியநாதனுக்கும்தான். "ஹம் போயிடுச்சு!" புதுக் கண்டென்சர் இன்னும் கையிலேயே இருந்தது. அதனால் என்ன? "சூடேறினதும் தானா செட்டாயிடுச்சு! ராஜகோபாலன் சார், ஓடி வாங்க!"

பக்கத்து வீட்டு ராஜகோபாலன் படியேறினார், கரண்ட் போயிற்று. தெருவே இருட்டு. தபீதாள் பாடிக்கொண்டேயிருந்தாள்.

வேறொருவராயிருந்தால் அங்கே சந்தேகம் தட்டியிருக்கும். சத்தியநாதன் குதித்தார். "கண்டென்சர்ல தேங்கின கரண்ட்லயே பாடுது சார்! கிட்ட வந்து பாருங்க. ஜெயா, டார்ச்சை எடு!"

எடுத்துக் கொடுத்தாள். அமுக்கினார். எரியவில்லை.

"பார்த்தீங்களா சார், பாட்டரியோட லட்சணத்தை!"

ஜெயசீலி ரேடியோப் பக்கம் காதைச் சாய்த்தாள். பாட்டில் இன்னும் ஒரு சரணம் பாக்கியிருந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் உங்கள் கெட்டிக்காரத்தனத்தால் ஏதோ ஒன்று கச்சிதமாக ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா? எதற்கும் வீட்டு டார்ச்சை ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள்.