பின்னைப் பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் உன் விடுதி அறைத் தோழிகளும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். நாலாவது ஆள்தான் படுத்துவிட்டது. நீ விட்டுப்போன லேப்டாப்பைச் சொல்கிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது அந்தச் சின்ன விளக்கு. சார்ஜர் சொருகும் ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகு அளவில், ஆரஞ்சு நிறத்தில் இருக்குமே, அதுதான். திங்கட்கிழமை காலை அம்மா தையல் மிஷினை ஓட்டியபோது அது எரிந்தது. நூலைக் கடிக்க நிறுத்தியபோது அணைந்தது. மறுபடி ஓட்டினாள், எரிந்தது. ஒரு சட்டையின் இரண்டு கைகளும் தைத்து முடியும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓடும்போது தரை அதிர்கிறது, தரை அதிர்ந்தால் சார்ஜர் பின் ஆடுகிறது, பின் ஆடினால் எங்கேயோ ஒட்டிக்கொள்கிறது, ஆகவே கோளாறு ஓட்டைக்குள் என்று கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்றைக்கூட நான் கண்டுபிடித்ததில்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தை வீணாக்குகிறாய் என்பாய். நம் வீட்டில் போன் பேசுவது எப்படி என்று உனக்குத் தெரியாதா? அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பார், அம்மா மிஷினை நிறுத்தாமலே கத்துவாள், நான் வாயைத் திறப்பதற்குள் "சரி, காசு ஓடுது, வை" என்பார்கள். எனக்கோ ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். நான் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத ஃபார்ம் போடுகிறேன். சொல்லிவிட்டேன். சிரிக்காதே. சனிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி. என் பழைய சான்றிதழ், போட்டோ எல்லாம் இந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் இது தெரியக் கூடாது. அம்மா படியில் வழுக்கி வலது கையை ஒடித்துக்கொண்டபோது "ஒரு மாசம் மட்டும் பட்டன் வெச்சுக் கொடுடி" என்றாள் அல்லவா? அந்த ஒரு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. திரும்பிப் போ என்று யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. பட்டன்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. இப்போது ஃபார்ம் போடுகிறேன் என்று தெரிந்தால், தன் கையால்தான் என் படிப்பு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருப்பதாக நினைப்பாள். நான் அப்படி நினைக்கவே இல்லை. அதைச் சொல்லவும் எனக்கு வராது.

இந்த லேப்டாப்பின் குணம் உனக்குத் தெரியும். பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது. கரண்ட் விட்டுப்போன அடுத்த நிமிடம் திரை கறுத்துவிடும். நீ இங்கே இருந்தபோதும் இப்படித்தானே? முன்னறை மூலையில் தரையில் நீ மிஷின் மேஜைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பின்னை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருப்பாய். நான் பிடித்தால் விளக்கு எரியாது. "உனக்குக் கை ராசி இல்லடி குட்டி, நீ டைப் அடி" என்று சொல்லிவிட்டாய். அதனால்தான் நான் டைப் அடிக்கவே கற்றுக்கொண்டேன். உன் கல்லூரிக் கட்டுரை முழுவதையும் ஒரு விரலால் அடித்தேனே, நினைவிருக்கிறதா? நீ சொல்லச் சொல்ல அடிப்பேன், நடுவில் நீ தூங்கி விழுவாய், திரை கறுக்கும், நான் உன்னைக் கிள்ளுவேன், "சேவ் பண்ணியா?" என்று கேட்டபடி எழுந்திருப்பாய், நான் பண்ணியிருக்க மாட்டேன். ஒரே பக்கத்தை ஏழு தடவை அடித்தோம். ஏழாவது தடவை வந்ததுதான் நன்றாக இருந்தது என்று உன் டீச்சரே சொன்னார்களாம். நீ வேலைக்குப் போன பிறகு எல்லாமே ஒரே தடவையில் முடிந்துவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பின்னைப் பிடிக்க ஆள் இல்லை. யாரையாவது கூப்பிடலாம்தான், ஆனால் பிடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்தால் திரை தெரியும், திரை தெரிந்தால் ஃபார்ம் தெரியும். ஆகவே செவ்வாய்க்கிழமை துணி கிளிப் மாட்டினேன். பறந்து போய் அம்மாவின் தேநீரில் விழுந்தது. ரப்பர் பேண்டைச் சுற்றினேன், அறுந்து என் காதில் பட்டது. பிறகு ஒயரின் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தேன், அம்மா ஒரு காலரைத் தேய்க்க அதை எடுத்ததும் லேப்டாப் சரிந்து என் மடியில் விழுந்தது. "என்னடி பண்றே?" என்றாள். "சும்மா பாத்தேன்மா." "சும்மா பாக்கறதுக்கு என் இஸ்திரிப் பெட்டியா கேக்குது?" நான் கழுத்து டிசைன் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

புதன்கிழமை அப்பாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பஸ் பணிமனையில் முப்பது வருடமாக ஸ்பானர் பிடிக்கிறவர் கண்ணுக்கு எல்லாமே பஸ்தான். லேப்டாப்பின் மூலையை விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "லூசு" என்றார். நான் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் பணிமனையிலிருந்து ஓர் இரும்பு வளையம் கொண்டுவந்தார். ரேடியேட்டர் ஹோஸ் கழலாமல் மாட்டுவதாம். அதற்குள் என் கால் போகும். "கொஞ்சம் பெருசுதான்" என்று அவரே ஒப்புக்கொண்டு, "பேசாம பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிடலாம், ரெண்டு வாளியாவது தருவான்" என்றார். "ஞாயித்துக்கிழமை வருவான்ல, எடுத்து வெச்சிடு" என்று அம்மாவும் சொல்லிவிட்டாள். அக்கா, உன் கட்டுரைக்கு இரண்டு வாளி!

அன்றைக்கே அம்மாவின் மெல்லிய ஊசி ஒன்றை எடுத்து, சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு, ஓட்டைக்குள் மெதுவாகக் கிளறினேன். நூல் வந்தது. மேலே கறுப்பு, அது போன மாதம் தைத்த பள்ளிச் சீருடைகள். அதற்கு அடியில் பச்சை, எதிர்வீட்டுக்காரர்களின் ஜன்னல் திரை. அதற்கும் அடியில் நீலம், நீ முதல்நாள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாயே, அந்தச் சட்டை. ஊசி முனையில் அரை விரல் நீளம் இருந்தது. ஊதிவிட மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒட்டியிருக்கிறேன், தும்மிவிடாதே. எல்லாம் எடுத்தும் விளக்கு எரியவில்லை.

நேற்றுக் கடைக்கே எடுத்துப் போனேன். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ஒரு மெக்கானிக் அண்ணன். அவர் மேஜையில் சார்ஜரைச் சொருகினார், கடுகு விளக்கு பளிச்சென்று எரிந்தது. யாரும் தொடக்கூட இல்லை. "என்னம்மா பிரச்சனை?" "விளக்கு." "விளக்குக்கு என்ன?" "எரியுது." "எரியறது நல்லதுதானே?" அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொருகினால் இருட்டு. என்னைப்போலவே வெளியாட்கள் முன்னால் நல்ல பிள்ளையாக இருக்கும் போலிருக்கிறது.

இன்று காலை பிரவுசிங் சென்டருக்கும் போனேன். அங்கே இருப்பவர் பிரிண்டர் சத்தத்தை மீறி ஒவ்வொரு கேள்வியாகக் கத்துகிறார். பெயர், வயது வரைக்கும் சொன்னேன். "படிப்பை ஏன் நிறுத்தினே?" என்று கத்தியதும் வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பினார்கள். "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று ஓடிவந்துவிட்டேன். உண்மையில் அந்தக் கட்டத்தை வீட்டிலும் நான் நிரப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அங்கே வந்ததும் யோசிப்பேன், யோசிப்பதற்குள் அம்மா நூலைக் கடிக்க மிஷினை நிறுத்துவாள், திரை கறுத்துவிடும். மறுபடி பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது சனிக்கிழமை மதியம். நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் அக்கா. ஓட்டை போய்விட்டது, அவ்வளவுதான். தேர்வு எனக்கு விதிக்கவில்லை. பட்டன் வைப்பதும் ஒரு வேலைதானே? நீ வருத்தப்படாதே, திட்டாதே. லேப்டாப் நாளைக்கு வாளியாகிவிடும், ஒன்றை உனக்கு எடுத்து வைக்கிறேன்.

உன் வார்டன் அம்மாவுக்கு என் வணக்கம். உன் அறையில் குறட்டை விடும் தோழிக்கு என் அனுதாபம். நீ பதவி உயர்ந்து, உடம்பு தேறி, சீக்கிரம் ஊர் வந்து, என்னைக் கிள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தங்கை
குட்டி

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போனபோது அம்மா மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "யாருக்குடி இவ்வளவு? எதுக்குக் கண்ணைத் தொடைக்கறே?" எனக்கு வேறு பொய் வரவில்லை. "பின்னைப் பிடிக்க ஆள் இல்லம்மா" என்றேன். "அதுக்கா இந்த அழுகை? தள்ளு" என்று வந்து மூலையில் உன் இடத்தில் உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில் காலை நீட்டினாள். ஒடிந்து சேர்ந்த அந்த வலது கையால் பின்னைப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. "பாத்தியா, கை ராசி" என்றாள்.

நான் திரையை மறைக்கவில்லை. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள், காரணம் கேட்கும் கட்டம்வரைக்கும். அதை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "அம்மா கை ஒடிஞ்சுதுன்னு போடு. இப்ப சேந்துடுச்சுன்னும் போடு. பட்டன நான் வெச்சுக்கறேன். தப்பில்லாம அடி, உங்கக்கா மாதிரி ஏழு தடவை பிடிக்க என்னால ஆகாது" என்றாள்.

அடித்துக்கொண்டிருந்தபோது விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தது. நான் கீழே பார்த்தேன். அம்மாவின் கை அசையவில்லை. அவள் கால்தான் அசைந்திருந்தது. மேஜைக்கு அடியில் சார்ஜரைச் சொருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல் அவள் குதிகால் இருந்தது. எடுத்தாள், அணைந்தது. வைத்தாள், எரிந்தது. மிஷினை மிதிக்கும்போதும் மற்றக் காலை அங்கேதானே வைத்துக்கொள்வாள்! லூசு அந்தப் பாக்ஸ்தான் அக்கா. ஓட்டைக்கு என்றைக்குமே ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் நீ விரல் மரத்துப்போகப் பிடித்தது வீண். உன் கால் நீளம், என் கால் அப்போது எட்டவில்லை, அவ்வளவுதான் உன் கை ராசி.

ஃபார்ம் நாலே முக்காலுக்குப் போய்விட்டது. "போயிடுச்சா? கையை எடுக்கலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோம்மா" என்று சொன்னேன்.