வாய்க்கால்கரை நிலமும் இரண்டு அடுப்பும்

குத்தாலம்,
12-2-1971

சிரஞ்சீவி சாமாவுக்கு உன் அத்திம்பேர் பஞ்சாபகேசன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நிஜத்தில் மூணு வேளையும் நானே பொங்கித் தின்கிறேன்.

எல்லாம் உன் யோசனைதான். ஒரு குடும்பத்துக்கு நில உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாக்கப் போகிறார்கள் என்றதும், "அத்திம்பேர், வாய்க்கால்கரை நிலத்தை அக்கா பேருக்கு எழுதுங்கோ, அதிகாரி வந்தா ரெண்டு குடித்தனமாத் தெரியணும், தனி அடுப்பு போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அப்பளம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறிவிட்டாய். நானும் மடையன் மாதிரி கூடத்தின் நடுவே மூங்கில் தட்டி கட்டி, அந்தப் பக்கம் விஜயத்துக்கு ஓர் அடுப்பு போட்டுக் கொடுத்தேன். சும்மா பேருக்குத்தானே என்று நினைத்தேன். உன் அக்காவுக்குப் பேருக்கு என்பதே தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்த நிலத்தை உழுத நம்ம ரெத்தினத்தைக் கூப்பிட்டு, புதுச் சட்டப்படி குத்தகைதாரராகப் பதிவும் பண்ணிவிட்டாள். இனி அவனை யாரும் லேசில் வெளியேற்ற முடியாது. "என்னடி அநியாயம் இது" என்றால், "பக்கத்துக் குடித்தனக்காரர் இதிலெல்லாம் தலையிடலாமா" என்கிறாள்.

நேத்து அதிகாரி வந்தார். நல்ல மத்தியானம். தட்டிக்கு அந்தப் பக்கம் சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொதிக்கிறது. எனக்குச் சட்டமும் மறந்தது, அதிகாரியும் மறந்தார். இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். "இவர் யாரும்மா?" என்றார். போச்சு, நிலம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். உன் அக்கா நிதானமாக, "அடுத்த குடித்தனம் சார். பாவம், சமைக்கத் தெரியாது, அப்பப்ப வந்துடுவார்" என்றாள். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டு போனார். நிலம் பிழைத்தது. என் இலையில் மோர்சாதம்தான் விழுந்தது.

சாமா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ரெத்தினமும் அவன் சம்சாரம் நாகம்மாளும் வந்து விதைநெல் பேச்சு பேசுகிறபோது அவள் சிரிக்கிற சிரிப்பு தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது. உடனே புறப்பட்டு வா. தட்டியைப் பிரிக்கச் சொல். ரெத்தினத்தின் பதிவையும் ரத்து பண்ணச் சொல். உன் பேச்சைத்தான் கேட்பாள்.

மதுரத்துக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம், வயிறு காய்ந்திருந்தாலும் மனசாரத்தான்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை இல்லை. நாலு சோற்றுப் பருக்கை கேட்டுக் கவரைத் தட்டிக்கு மேலே நீட்டினேன். படித்துவிட்டுத்தான் ஒட்டுவேன் என்றாள். படித்தாள். அப்புறம், "உங்க நிலத்தையும் உழுகிறவர்கள் பேரில் குத்தகையாகப் பதிந்தால் தட்டியைப் பிரிக்கலாம்" என்றாள். தாலுகா ஆபீஸ் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். தட்டியை ரெத்தினமும் நானுமாகப் பிரித்தோம். மாட்டுக்கொட்டகைக்கு ஆகும் என்று எடுத்துப் போயிருக்கிறான். நீ வர வேண்டாம். அதிகாரி மறுபடி வந்தால் வரட்டும், இலை போட்டாச்சு, நான் சாப்பிடப் போகிறேன்.