வேலியோரம் நுரைத்த தண்ணீர்

குளித்துவிட்டு வரும் விருந்தாளியிடம் சாப்பிடச் சொல்லுமுன் "என்ன சோப்புப் போட்டீங்க?" என்று விசாரித்தவர், எலப்புள்ளி ஊரிலேயே எங்கள் பக்கத்து வீட்டுச் சொட்டுக்காரர் ஒருவர்தான்.

வீட்டில் குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய தண்ணீரையெல்லாம் தொட்டியில் பிடித்து, சொட்டுநீர்க் குழாய் வழியாக வாழைக்கு விட்டார். அதனால் வந்த பெயர். குழாய்த் துளைகளில் சோற்றுப் பருக்கையும் தலைமுடியும் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதுவார். மனிதர் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி விருந்துக்கு வந்த மருமகன் கையிலும் அரப்புத் தூளைத் திணித்தார்.

"சோப்பு ஆகாதுங்க மாப்ள. மண்ணு செத்துப்போகும்."

"எனக்குத் தலையில முடியே இல்லீங்களே மாமா?"

"அப்ப மேலுக்குத் தேச்சுக்குங்க!"

அவர் மனைவி மட்டும் சோப்புத் தூளை விடவில்லை. "ஏனுங்க, அரப்புல வேட்டி வெளுக்குமா?" என்று கேட்டார். வேட்டி வெளுத்தது. வேலியோர மண்ணும் வெளுத்தது. மேலே ஓடுபோல இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த என் கிணற்றை நோக்கி நடந்தது. கோடையில் என் வீட்டுக்கு அந்த ஒரு கிணறுதான். ஒருநாள் காலை வாளியில் நுரை.

நான் பஞ்சாயத்து ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். பராதி மனு யாருக்கு எழுத வேண்டும், நகல் யாருக்கு, தண்ணீரை எந்தப் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும், எல்லாம் அத்துப்படி. பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும் என்பதும் அத்துப்படி. ஆகவே வாளியோடு வேலிக்கே போனேன்.

"உங்க சோப்புத் தண்ணி என் கிணத்துக்கு வந்தாச்சு."

"அதெல்லாம் மண்ணு வடிகட்டிருமுங்க சார்."

"குடிச்சுப் பாருங்க."

குடித்தார். முகம் சுருங்கியது. துப்பவில்லை. விழுங்கிவிட்டு ஓடினார்.

சாயங்காலத்துக்குள் வேலியோரக் குழாய்களைப் பிடுங்கித் தோட்டத்தின் மறுகோடியில் போட்டிருந்தார். அங்கே இருந்தது அவருடைய சொந்தக் கிணறு.

"உங்க கிணறு கெட்டுப்போகுமே?"

"கெட்டா உங்க கிணத்துல வந்து மொண்டுக்குவேனுங்க. உங்குளுது கெட்டா நீங்க எங்கூட்டுக்கா வருவீங்க? பராதியில்ல எழுதுவீங்க!"

மழை பெய்து என் கிணறு தெளிந்தது. அடுத்த கோடையில் அவருடையது நுரைத்தது. இப்போது தினமும் காலையில் குடத்தோடு வருகிறார், என் தண்ணீரை முகர்ந்து குற்றம் சொல்லிவிட்டு நிறைய எடுத்துப் போகிறார். வரக் கொஞ்சம் தாமதமானாலும் நான் வேலியோரம் போய் நின்றுகொள்கிறேன்.