கேக்குக்கு மட்டும் நீண்ட ஜெபம்

விசுவாசத்தால் சர்க்கரையை அடக்குகிறவர் என்று ஒரு பிறவி உண்டு. சபைக்கு ஒருவராவது இருப்பார். பெரிய சபையென்றால் இருவர். ஆனால் அந்த இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். விருந்துக் கூடத்தில் உங்கள் தட்டில் என்ன இருக்கிறதென்று உங்களுக்கு முன்பே பார்த்து முடித்தவர் எவரோ, அவர்தான்.

நான் சொல்லப்போகிறவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அரண்மனைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் பருப்பும் தண்ணீருமாகச் சாப்பிட்டு முகம் தேறிய வாலிபர்களைப் பற்றி வேதத்தில் வருகிறதல்லவா? அதை ஓயாமல் சொல்லிச் சொல்லி, எங்கள் சபையில் பருப்பு அண்ணன் என்று பெயர் வாங்கியிருந்தார். பார்வை மங்குகிறதென்று கடைக்குப் போனால், எழுத்துப் பலகையில் இரண்டாவது வரியைத் தாண்டுவதற்குள் "சுகர் இருக்கா?" என்பார். இருக்கிறது என்றீர்களோ, தொலைந்தீர்கள். வெள்ளை மாவு சாத்தானுடைய தந்திரம், சீனி அவனுடைய தூதன், மாத்திரை என்பது அவநம்பிக்கையை உருட்டித் தட்டிய வில்லை என்று அவர் வரிசையாக விளக்க, சோதனைக் கண்ணாடி மூக்கில் கனக்க, எழுந்து ஓடவும் வழியில்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

அவர் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைக் காய்கறிக்கு ஒரு வரி ஜெபம். பருப்புக்கு இரண்டு வரி. கல்யாண வரவேற்பில் கேக் வந்துவிட்டால் மட்டும் உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பிப்பார். "இதிலுள்ள தீங்கெல்லாம் அகன்றுபோவதாக" என்று அவர் கண்ணைத் திறப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்திருப்பார்கள். தீங்கு அகன்றது. அடுத்த நிமிஷம் அவர் தட்டிலிருந்து கேக்கும் அகன்றது.

உபவாசம் ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் மட்டும். சர்க்கரை இறங்கியிருந்தால் கிருபை, ஞாயிற்றுக்கிழமை சாட்சி. ஏறியிருந்தால் சத்துருவின் வேலை; இல்லையென்றால் லேபில் புதிதாக வந்த பெண்ணின் தப்பு.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். நிற்கவில்லை. அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசியோடு வளர்ந்தவன். ஸ்பேனர் பையோடு ஊசிப் பையையும் சுமந்து மாடி மாடியாக ஏறி இறங்கி அலுத்துப்போயிருந்தான்.

"அத்தான், நெஜமாவே ஊசி இல்லாம இருக்க முடியுமா?"

"என்னைப் பாரு மாப்ள. எனக்கு மருந்தே விசுவாசம்தான்."

பார்த்தான். அத்தானின் கன்னம் பளபளவென்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஊசியை நிறுத்தினான். பருப்பும் தண்ணீரும் தொடங்கின. வாரம் முடிவதற்குள் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம். ஓர் அலுவலகக் கட்டடத்தில், பழுது பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டுக்குள்ளேயே சரிந்து விழுந்தான். வாட்ச்மேன்தான் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

செய்தி கேட்டு நான் போனபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அண்ணன் முழங்காலில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கணக்கு டீச்சர், கைப்பையைத் திறந்தார்.

"ஏங்க, எந்திரிங்க. மாத்திரை போடுற நேரம்."

"ஷ்... மெதுவா."

"எதுக்கு மெதுவா? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு நான்தானே எடுத்துக் குடுக்குறேன். இதை என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் உள்ள கெடப்பானா?"

"அது மாத்திரைன்னு இல்லம்மா... விசுவாசத்துக்கு ஒரு துணை."

"அப்போ அவன் ஊசி மட்டும் பிசாசுக்குத் துணையா?"

அண்ணன் வாய் திறந்தார், மாத்திரையை விழுங்குவதற்காக. ஜெபம் பண்ணாமல் அவர் எதையாவது விழுங்கி நான் பார்த்தது அன்றுதான்.

மச்சான் பிழைத்துவிட்டான். அண்ணன் வெட்கப்பட்டாரா என்கிறீர்களா? அவன் தேறிச் சபைக்கு வந்த முதல் ஞாயிறே மைக்கைப் பிடித்துவிட்டார். "என் ஜெபத்தைக் கேட்டு, என் மச்சானை மரண வாசலிலிருந்து..." சபை ஸ்தோத்திரம் சொன்னது. பின்வரிசையில் மச்சான் எழுந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"ஆண்டவருக்கு நன்றி. டாக்டரை அனுப்பினதும் அவர்தான்னு நம்புறேன். அத்தான் பேச்சைக் கேட்டு யாராச்சும் மருந்தை நிறுத்தியிருந்தா, இன்னிக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க. அத்தான் அவரோட மாத்திரைய ஒருநாளும் நிறுத்தினதில்ல."

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, "ஐயோ, நான் போன மாசமே நிறுத்திட்டேனே!" என்றார். அவரைத் தொடர்ந்து பியானோ வாசிப்பவரும் மெல்லக் கையைத் தூக்கினார். பாஸ்டர் பிரசங்கத்தை அப்படியே போட்டுவிட்டு, இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் செய்த பிரசங்கங்களிலேயே அதுதான் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

அண்ணன் இப்போது கடையில் கண்ணை மட்டும் பார்க்கிறார்.

நல்லவேளை, நான் அப்படியில்லை என்கிறீர்கள். சபைப் பக்கமே போகாதவராகக்கூட இருக்கலாம். சரி, போன வாரம் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் சர்க்கரை என்று முனகியதும், எதையோ ஊறவைத்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லி, "மருந்தெல்லாம் எதுக்கு, நான் கேரண்டி" என்றது யார்? அவர் இன்று லீவாம். விசாரித்தீர்களா?